ட்ரோலிங்குக்கு லைன் கவுன்ட்டர் ரீல்: எண்ணை நம்பலாமா, எதை வாங்கலாம்?

கேள்வி சுருக்கமாக இது: "குன்னூரில் இருக்கிறேன். முறைப்படி அனுமதி வாங்கி, எமரால்டு, அவலாஞ்சி பக்கம் துடுப்புப் படகில் ட்ரவுட்டுக்கு ட்ரோலிங் (ஓடும் படகுக்குப் பின்னால் போலி இரையை இழுத்துப் போய் மீன் பிடிப்பது) செய்ய ஆசை. வருடத்துக்கு ஓரிரு முறை தூத்துக்குடிக்குக் கடலுக்கும் போவேன். இரண்டுக்கும் ஒரே லைன் கவுன்ட்டர் ரீல் போதுமா? நண்பரின் ரீல் 100 அடி என்று காட்டுகிறது, தரையில் அளந்தால் 80 அடிகூட இல்லை. எண் சரியாகக் காட்டும் ரீல் எது?"

நண்பரின் ரீலிலிருந்தே தொடங்குகிறேன். அதில் பழுது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் ஸ்பூலில், அதாவது தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையில், நரம்பு பாதிதான் இருக்கும்.

லைன் கவுன்ட்டர் ரீல் நரம்பை அளப்பதில்லை. ஸ்பூல் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதைத்தான் எண்ணுகிறது. ஸ்பூலின் அச்சிலிருந்து ஒரு சிறு பல்சக்கரம் மேலே இருக்கும் எண் உருளைகளை ஓட்டுகிறது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு அடி என்று தொழிற்சாலையிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள், அதுவும் ஸ்பூல் நிறைந்திருக்கும் நிலையை வைத்து. ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டரும் இப்படித்தான்: சக்கரத்தைச் சிறிதாக்கிவிட்டால், ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டும்.

எண்களில் பார்ப்போம். நிறைந்த ஸ்பூலின் விட்டம் 50 மி.மீ., வெறும் ஸ்பூலின் விட்டம் 28 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 200 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்திருக்கும்போது ஒரு சுற்றுக்கு 157 மி.மீ. நரம்பு போகும். 30 மீட்டர் விட்ட பிறகு விட்டம் ஏறத்தாழ 47 மி.மீ. ஆகும். அந்த இடத்தில் ஒரு சுற்றுக்கு 5 சதவீதம் குறையும். முழு 30 மீட்டருக்கும் சேர்த்துப் பார்த்தால் பிழை 3 சதவீதத்துக்குள்தான். அதாவது ஒரு மீட்டர்கூட வராது. இதே ரீலில் 100 மீட்டர் நரம்பு மட்டும் சுற்றியிருந்தால், தொடக்கத்திலேயே விட்டம் 40 மி.மீ. அளவில்தான் இருக்கும். அப்போது கவுன்ட்டர் 30 மீட்டர் காட்டும்போது உண்மையில் வெளியே போயிருப்பது 23.5 மீட்டர். அடிக்கணக்கில் 100 காட்டி 78. உங்கள் நண்பருக்கு வரும் வித்தியாசம் கிட்டத்தட்ட இதேதான்.

எனவே "எது சரியாகக் காட்டும்" என்பதற்கான பதிலில் பாதி, கம்பெனிப் பெயரில் இல்லை. விளிம்பிலிருந்து 3 மி.மீ. விட்டு ஸ்பூலை நிரப்புங்கள். சாதாரண ரீலும் நம்பும்படி காட்டும். நிரப்பாவிட்டால் விலை உயர்ந்த ரீலும் தவறாகத்தான் காட்டும். மீதிப் பாதி, அந்த ரீல் இரண்டு மழைக்காலம் தாண்டியும் அதே மாதிரி ஓடுமா என்பது. அதற்குத்தான் ரீலை ஆராய்ந்து வாங்க வேண்டும்.

ரீலுக்குப் பணம் போடும் முன் படகு, அனுமதி விஷயத்தை முடித்துக்கொள்ளுங்கள். நம் மலையில் அணை மின்வாரியத்துடையது, சுற்றியுள்ள காடு வனத்துறையுடையது, மீன் பிடிக்கும் உரிமம் மீன்வளத் துறையிடம். கரையிலிருந்து தூண்டில் போடக் கிடைக்கும் உரிமம், படகு இறக்கும் அனுமதி ஆகாது. முக்குருத்தி தேசியப் பூங்கா எல்லைக்குள் இந்தப் பேச்சே கிடையாது. ஊட்டியில் உள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில், நீங்கள் நினைக்கும் நீர்நிலையின் பெயரைச் சொல்லி, "படகிலிருந்து தூண்டில் போடலாமா" என்று நேரடியாகக் கேளுங்கள். இல்லை என்றால் இந்த ரீல் வாங்குவதில் அர்த்தமில்லை; கரை மீன்பிடிக்கு ஒரு ஸ்பின்னிங் ரீல் போதும்.

எந்த மீனுக்கு என்பதும் முக்கியம். எச். சி. வில்சன் என்ற மீன்வள நிபுணர் 1907-ஐ ஒட்டி அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வேரூன்றவைத்த ரெயின்போ ட்ரவுட், ஓடும் லூரை (போலி இரையை) துரத்திக் கடிக்கும் மீன். அதற்கு ட்ரோலிங் பொருந்தும். ஊட்டி ஏரியிலும் கொடைக்கானல் ஏரியிலும் அதிகம் இருப்பது கெண்டை வகைகள். ஊட்டி ஏரிக்கு மிரர் கார்ப் 1939-ல் இலங்கையிலிருந்து வந்தது. கெண்டை அடியில் மேயும், மாவு உருண்டைக்கு வரும். இழுத்துப் போகும் லூரைச் சீண்டுவது அபூர்வம். கொடைக்கானல் ஏரிக்கு லைன் கவுன்ட்டர் ரீல் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில்.

அவலாஞ்சி, எமரால்டு போன்ற மின் உற்பத்தி அணைகளில் மட்டும் இந்த எண்ணுக்கு உண்மையான மதிப்பு உண்டு. தண்ணீர் மட்டம் பருவத்துக்குப் பருவம் பல மீட்டர் ஏறி இறங்கும். மூழ்கிய மேடுகளும் மரக்கட்டைகளும் இருக்கும். வெயில் ஏறும்போது மேல்நீர் சூடாகி ட்ரவுட் கீழே இறங்கிவிடும். கட்டை 5 மீட்டர் ஆழத்தில், உங்கள் லூர் 4 மீட்டரில் ஓட வேண்டும் என்றால், நரம்பை ஒவ்வொரு முறையும் ஒரே நீளத்துக்கு விட வேண்டும். 25 மீட்டரில் ஒரு மீன் கடித்தால் அடுத்த சுற்றிலும் அதே 25 மீட்டர். கவுன்ட்டரின் வேலை இவ்வளவுதான். கவனியுங்கள், அது ஆழத்தைக் காட்டுவதில்லை, வெளியே போன நரம்பின் நீளத்தைக் காட்டுகிறது. ஆழம் என்பது லூரின் உதடு (முன்னால் நீட்டியிருக்கும் தகடு), படகின் வேகம், நரம்பின் தடிமன் மூன்றும் சேர்ந்து முடிவு செய்வது. லூர் கம்பெனிகள் தரும் ஆழ அட்டவணைகள் ஒரு குறிப்பிட்ட தடிமன் நரம்புக்கும் வேகத்துக்கும் மட்டுமே செல்லும். தடித்த நரம்பு தண்ணீரில் அதிகம் இழுபடும், லூர் மேலேயே நிற்கும்.

சரி, ரீலுக்கு வருவோம்.

கவுன்ட்டர் இரண்டு வகை: எண் உருளைகள் சுழலும் மெக்கானிக்கல், திரை உள்ள மின்னணு வகை. மலைக்கு மெக்கானிக்கல்தான் என் தேர்வு. பேட்டரி இல்லை, பனியில் திரை மங்குவதில்லை, பழுதானால் திறந்து பார்க்க முடியும். மின்னணு வகையில் ஒரு நல்ல விஷயம் உண்டு: சில மாடல்களில் நீங்கள் சுற்றும் நரம்பையே அளந்து பதிவு செய்து, விட்டம் குறைவதற்கும் சேர்த்துக் கணக்குப் போட வைக்கலாம். 100, 150 மீட்டர் விடும் ஆழ்கடல் வேலைக்கு அது தேவை. 15 முதல் 40 மீட்டருக்குள் முடிந்துவிடும் அணை வேலைக்குத் தேவையில்லை.

கவுன்ட்டர் கைப்பிடியிலிருந்து ஓடாமல் ஸ்பூலிலிருந்து ஓட வேண்டும். மீன் ட்ராக்கை (நரம்பு அறுந்துவிடாமல், பலமாக இழுத்தால் ஸ்பூலை வழுக்கிச் சுழலவிடும் பிரேக்கை) இழுத்துக்கொண்டு ஓடும்போதும் எண் ஏற வேண்டும். அப்போதுதான் மீன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். பெயர் பெற்ற மாடல்கள் எல்லாம் அப்படித்தான்; பெயர் தெரியாத மலிவு ரீலில் சோதித்துப் பாருங்கள். ட்ராக்கைத் தளர்த்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நரம்பை இழுங்கள். எண் நகர வேண்டும்.

இந்த வகை ரீல்களில் முதலில் தேய்வது கவுன்ட்டர் இல்லை. நரம்பை இடம் வலமாகப் பரப்பும் லெவல்வைண்ட்தான். அதில் குறுக்கும் நெடுக்கும் பள்ளம் வெட்டிய ஒரு தண்டு இருக்கும். அந்தப் பள்ளத்தில் ஓடும் ஒரு சின்ன உலோக நாக்குதான் நரம்பு வழிகாட்டியை நகர்த்துகிறது. இதை பால் (pawl) என்பார்கள், ஒரு உளுந்தம்பருப்பு அளவுதான் இருக்கும். மணலோ, காய்ந்த கிரீஸோ, தைல மர இலைத் துணுக்கோ பள்ளத்தில் புகுந்தால் நாக்கின் முனை தேயும். பிறகு வழிகாட்டி ஒரு ஓரத்தில் நின்றுவிடும். நரம்பு அங்கேயே குவியும், விட்டம் மாறும், எண்ணும் தவறும். ட்ரோலிங்கில் நரம்பை விடும்போதும் ஸ்பூலோடு சேர்ந்து வழிகாட்டி நகரும் ரீலே நல்லது. அது நின்றுகொண்டு ஸ்பூல் மட்டும் சுழன்றால் நரம்பு சாய்வாக உரசிக்கொண்டு போகும்.

ட்ராக்கில் கார்பன் வாஷர் உள்ளதை எடுங்கள். ஃபெல்ட் வாஷர் ஈரத்தில் நனைந்தால் சில நேரம் வழுக்கும், சில நேரம் பிடிக்கும். ட்ரவுட்டின் வாய் மென்மையானது. படகு ஓடிக்கொண்டிருக்கும்போது மீன் கடிக்க, ட்ராக் முதல் நொடியில் இறுகி நின்றுவிட்டு அப்புறம் விட்டால், முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ரீல் உறையில் எழுதியிருக்கும் "அதிகபட்ச ட்ராக் 7 கிலோ, 10 கிலோ" என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். நமக்கு வேண்டியது 1 கிலோவில் வழுவழுப்பாகத் தொடங்கும் ட்ராக். பாத்திரக் கடையிலும் பை கடையிலும் கிடைக்கும் பெட்டி எடைபோடும் கொக்கித் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நரம்பை ராடின் வளையங்கள் வழியாக எடுத்து, தராசில் கட்டி, மெதுவாக இழுங்கள். அசையத் தொடங்கும்போது 1.4 கிலோ காட்டி, ஓடும்போது 1 கிலோவுக்கு இறங்கினால் அந்த ட்ராக் சரியில்லை. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் சிறிதாக இருக்க வேண்டும். நரம்பின் தாங்கும் எடையில் கால் பங்கு என்பது தொடக்க அளவு: 4 கிலோ நரம்புக்கு 1 கிலோ, 6 கிலோ நரம்புக்கு 1.5 கிலோ.

கிளிக்கர், அதாவது நரம்பு ஓடும்போது சத்தமிடும் அமைப்பு, கட்டாயம். துடுப்புப் போடும்போது ராடு தாங்கியில் இருக்கும்; கண் கரையில் இருக்கும். கடித்ததைக் காதுதான் முதலில் சொல்லும். கிளிக்கரின் நாக்கு பிளாஸ்டிக்காக இருக்கும் மலிவு மாடல்களில், சில மாதத்தில் சத்தம் மங்கிவிடும்.

கியர் விகிதம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 4:1-ஐ ஒட்டியது மெதுவாக, பலமாக இழுக்கும். 6:1 வேகமாகச் சுற்றும். நம் வேலைக்கு 5:1 அளவு போதும். மேலே சொன்ன 50 மி.மீ. ஸ்பூலில் 5.1:1 என்றால் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 80 செ.மீ. நரம்பு ஏறும்.

இனி மாடல்கள். இந்த ரீல்களின் தாய்வீடு வட அமெரிக்கப் பெரிய ஏரிகள். சால்மன், வாலாய் மீன்களுக்கு அங்கே ஒரே படகில் ஆறு, எட்டு ராடுகள் வரை வைத்து இழுப்பார்கள். அத்தனை லூரும் வேறுவேறு நீளத்தில் இருக்க வேண்டியதால்தான் கவுன்ட்டர் அவ்வளவு பரவியது. அதனால் பெரும்பாலான ரீல்கள் அடிக்கணக்கில்தான் காட்டும். 33 அடி 10 மீட்டர், 50 அடி 15 மீட்டர், 100 அடி 30.5 மீட்டர் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

சிக்கன விலையில் ஒகுமா மேக்டா ப்ரோ. எடை குறைவு, கவுன்ட்டர் தெளிவாக இருக்கும். வருடத்தில் சில முறை அணைக்குப் போகிறவருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. அதே கம்பெனியின் கோல்ட் வாட்டர் அடுத்த படி; ட்ராக் கார்பன், கட்டுமானம் உறுதி. டைவா அக்குடெப்த் மேக்டாவுக்கு நிகரான இடத்தில் வரும். டைவா சீலைன் அதைவிடக் கனமான வேலைக்கு. ஷிமானோ டெகோட்டா உலோகச் சட்டம் கொண்டது, பல ஆண்டு உழைக்கும், விலையும் அப்படியே. ஒரு ட்ரவுட் அணைக்கு டெகோட்டா வாங்குவது வீண் செலவு என்று தயங்காமல் சொல்வேன். அந்தப் பணத்தில் ஒரே மாடலில் இரண்டு நடுத்தர ரீல் வாங்கலாம். இரண்டிலும் ஒரே நரம்பை ஒரே அளவுக்குச் சுற்றினால் இரண்டு எண்ணும் ஒத்துப்போகும். ஒன்றில் 20 மீட்டர், மற்றதில் 30 மீட்டர் என்று வைத்து மீன் எங்கே நிற்கிறது என்று தேடலாம்.

அளவு: பெயரில் 15, 17, 20 என்று வருபவை சின்னவை. அணைக்கு இவற்றில் ஒன்று. 27, 30 நடுத்தரம். 45, 47 பெரிய ஏரி சால்மனுக்கும் கடலுக்கும். பெரிய ரீலை வாங்கி அதில் மெல்லிய நரம்பை 150 மீட்டர் சுற்றினால் ஸ்பூல் கால்வாசிகூட நிறையாது. நண்பரின் கதைதான் மறுபடி.

ராடும் ஒத்துவர வேண்டும். இந்த ரீல் ராடின் மேல் பக்கம் உட்காரும். ஸ்பின்னிங் ராடு பொருந்தாது. ரீல் இருக்கையின் கீழே விரல் கொக்கி உள்ள காஸ்டிங் ராடு, 7 முதல் 8 அடி, நுனி நன்றாக வளையக்கூடியது வேண்டும். நரம்பு இழுபடும்போது முதல் அதிர்ச்சியை அந்த வளைவு வாங்கிக்கொள்ளும்.

நரம்பு: தொடக்கத்துக்குத் தங்கூசியே (ஒற்றை இழை நைலான் நரம்பே) நல்லது. 0.30 மி.மீ. தடிமன், மென்மையான வகை. மலிவான விறைப்பு நரம்பு, டிசம்பர், ஜனவரி விடியலில் ஸ்பூலில் கிடந்த வடிவத்திலேயே சுருள் சுருளாக வரும். பிரெய்டு (பல இழைகளைப் பின்னிய நரம்பு) நீளாது, மெல்லியது, லூரை ஆழத்துக்கு விடும். ஆனால் நீளாத நரம்பில் ட்ரவுட்டின் வாய் கிழியும் வாய்ப்பு அதிகம், ட்ராக்கை இன்னும் தளர்த்த வேண்டும். பிரெய்டைச் சுற்றுவதாக இருந்தால் வெறும் ஸ்பூலில் நேராகக் கட்டாதீர்கள். முழுச் சுற்றும் அச்சில் வழுக்கிச் சுழலும். ட்ராக் கெட்டுப்போனது போலத் தெரியும். அடியில் தங்கூசி வேண்டும். எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம்: முதலில் பிரெய்டை ஸ்பூலில் சுற்றுங்கள், அதன்மேல் தங்கூசியை முடிச்சுப் போட்டு விளிம்புக்கு 3 மி.மீ. கீழே வரை சுற்றி வெட்டுங்கள். இப்போது எல்லாவற்றையும் வேறொரு ரீலுக்கும், அதிலிருந்து இன்னொரு காலி ஸ்பூலுக்கும் மாற்றி, கடைசியில் தங்கூசி அடியில் வரும்படி உங்கள் ரீலில் ஏற்றுங்கள். அரை மணி நேர வேலை, ஆனால் அளவு துல்லியமாக நிற்கும். சுற்றும்போது ஈரத்துணியால் நரம்பைப் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றிய நரம்பு முதல் மீனின் இழுப்பிலேயே உள்ளே புதைந்து, விட்டம் சுருங்கிவிடும்.

நிரப்பிய பிறகு அளந்து பாருங்கள். பள்ளி மைதானமோ நீண்ட தெருவோ போதும். நுனியை ஒரு கம்பத்தில் கட்டி, கவுன்ட்டரைப் பூஜ்யமாக்கி, லேசான இழுவையோடு நடந்துபோய், டேப்பில் அளந்து வைத்த 10, 20, 30, 40 மீட்டர் குறிகளில் எண் என்ன என்று எழுதுங்கள். அந்த நான்கு எண்களை ராடின் பிடிமேல் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். நரம்பு அறுந்து 20, 30 மீட்டர் போய்விட்டால் பழைய எண்கள் செல்லாது. அடியில் தங்கூசி சேர்த்து மறுபடி நிரப்ப வேண்டும்.

படகில் ஒரு பழக்கம் அவசியம். லூர் தண்ணீரைத் தொடும் இடத்தில் வைத்து, அப்போது பூஜ்யமாக்குங்கள். கட்டை விரலால் ஸ்பூலை லேசாக அழுத்திக்கொண்டே விடுங்கள். கையை எடுத்துவிட்டு ஓடவிட்டால் ஸ்பூல் நரம்பைவிட வேகமாகச் சுழன்று சிக்கல் விழும். மணிக்கு 2.5 முதல் 3.5 கி.மீ. வேகம் போதும், ஒருவர் நிதானமாகத் துடுப்புப் போடும் வேகம் அதுவே. திரும்பும்போது உள்பக்கத்து லூர் வேகம் குறைந்து ஆழம் மாறும்: மூழ்கும் வகை இறங்கும், மிதக்கும் வகை ஏறும். கட்டைகள் இருக்கும் ஓரத்தில் மூழ்கும் லூர் போட்டிருந்தால், திரும்பும் முன் 5 மீட்டர் சுற்றி எடுத்துவிடுங்கள்.

லூரை முழுதும் எடுத்த பிறகு கவுன்ட்டர் 000-இல் நிற்காமல் 997 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். விடும்போது இருந்ததைவிட இறுக்கமாகச் சுற்றியதால் விட்டம் சற்றுக் குறைந்து, அதே நீளத்துக்குச் சில சுற்று அதிகமாகியிருக்கிறது. எண் பூஜ்யத்தைத் தாண்டிப் பின்னோக்கிப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறை விடும்போதும் பூஜ்யமாக்கினால் இந்தப் பிழை சேராது. ஒருமுறை கடைசி இலக்கம் பாதியில் நின்று இரண்டு எண்ணுக்கும் நடுவே சிக்கினாலோ, கைப்பிடி சுற்றும்போது எண் நகராமல் திடீரெனத் தாவினாலோதான் உள்ளே பல் உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

மலைக்கே உரிய தொல்லை ஈரம். வீட்டின் சூட்டிலிருந்து விடியல் பனிக்கு எடுத்துப் போனால் கவுன்ட்டர் கண்ணாடியின் உட்புறம் பனி படியும். அடிக்கடி படிந்தால் உள்ளே உள்ள மெல்லிய ஸ்பிரிங் துருப்பிடித்து, பூஜ்யமாக்கும் பொத்தான் அமுங்கிய இடத்திலேயே நிற்கும். மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஒரு மூடியுள்ள பெட்டியில் போட்டு, ரீலை அதில் வையுங்கள். கிளம்பும் முந்தைய இரவு பெட்டியோடு குளிரான அறையில் வைத்தால் கண்ணாடி மங்காது. திரும்பி வந்ததும் துணியால் துடைத்துக் காற்றில் உலர்த்துங்கள். குழாயடியில் பீய்ச்சுவதோ, வாளியில் முக்குவதோ கூடாது. தண்ணீர் உள்ளே போனால் கவுன்ட்டர் அறையிலிருந்து வெளியே வராது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். ஊட்டியில் ஆண்டின் பெரும்பகுதி அது கட்டிதான். லெவல்வைண்ட் தண்டில் போட்டால் மெழுகாக இறுகி நாக்கைத் தேய்க்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், தண்டின் இரு முனையிலும், ஸ்பூல் பேரிங்கிலும். கெட்டியான கிரீஸைக் குளிரில் பயன்படுத்தினால் ஸ்பூல் தயங்கித்தான் ஓடும். பிரதான கியர்ப் பற்களுக்கு மட்டும் மெல்லிய படலமாகப் பூசுங்கள். கவுன்ட்டருக்குள் எதையும் ஊற்றாதீர்கள், துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். சில பிளாஸ்டிக் பற்கள் அதில் வெடிக்கும்.

கடலுக்கும் அதே ரீலா என்று கேட்டீர்கள். வேண்டாம். வஞ்சிரத்துக்கும் பாரைக்கும் மணிக்கு 9 முதல் 13 கி.மீ. வேகத்தில் இழுப்பார்கள், லூர் மேற்பரப்பை ஒட்டியே ஓடும், கவுன்ட்டரின் பயன் குறைவு. தேவைப்படும் ட்ராக்கும் நரம்பும் வேறு. உப்புநீர் பட்டால் கவுன்ட்டரின் ஸ்பிரிங்கும் பற்களும்தான் முதலில் போகும். கடலுக்குக் கவுன்ட்டர் இல்லாத, உறுதியான ட்ரோலிங் ரீல் ஒன்று தனியாக. இல்லை ஒரே ரீல்தான் முடியும் என்றால் 30 அளவுள்ள, அரிக்காத உலோகப் பாகங்கள் கொண்டதை எடுத்து, கடலிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் பலமுறை துடைத்து உலர்த்துங்கள்.

உடனே வாங்கப் பணம் இல்லையென்றால் இருக்கும் ரீலிலேயே செய்யலாம். லெவல்வைண்ட் உள்ள எந்த ரீலிலும், வழிகாட்டி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போகும்போது எத்தனை மீட்டர் போகிறது என்று ஒருமுறை அளந்தால் போதும். 3 மீட்டர் வந்தால், 8 முறை கடந்தால் 24 மீட்டர். நரம்பிலேயே 10 மீட்டருக்கு ஒன்று, 20-க்கு இரண்டு என்று அழியாத மார்க்கரால் கோடு போடலாம். தங்கூசியில் சீக்கிரம் அழியும், பிரெய்டில் நிற்கும். ஈயக்கம்பி உள்ளே ஓடும் லெட்கோர் நரம்பில் 10 கெஜத்துக்கு ஒரு நிறம் மாறும். மூன்று நிறம் போனால் ஏறத்தாழ 27 மீட்டர் என்று கண்ணே சொல்லிவிடும். ஆனால் அது கனமான ஏற்பாடு, பெரிய ரீல் கேட்கும், அணைநீரில் அறுந்துபோனால் ஈயத்தை அங்கேயே விட்டு வருவோம். நம் அணைகளுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. அறுந்த தங்கூசித் துண்டுகளையும் கரையில் விடாதீர்கள், நீர்நாய்களும் பறவைகளும் மாட்டிக்கொள்கின்றன.

இந்த ரீல்கள் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது, பெரும்பாலும் இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். பொட்டலம் வந்த அன்றே சோதியுங்கள். திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிடக் கூடாது. நரம்பு சுற்றும் முன், ஸ்பூலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், தடதடவென்று ஆடக் கூடாது. பொத்தானை அமுக்கினால் மூன்று பூஜ்யமும் ஒரே வரிசையில் நேராக நிற்க வேண்டும். கைப்பிடியை மிக மெதுவாகச் சுற்றி, வழிகாட்டி இரு ஓரத்தையும் தயங்காமல் தொட்டுத் திரும்புகிறதா என்று பாருங்கள். ஸ்பூலைக் கையால் இரு திசையிலும் சரியாக 10 சுற்றுச் சுற்றி, ஏறிய எண் அப்படியே இறங்குகிறதா என்று பாருங்கள். ஆர்டர் செய்யும்போதே அதே மாடலுக்கான லெவல்வைண்ட் நாக்கு இரண்டும், ட்ராக் வாஷர் ஒரு செட்டும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து அவற்றைத் தேடினால் கிடைப்பது சிரமம். அந்தச் சின்ன நாக்கு இல்லாமல் முழு ரீலும் அலமாரியில் தூங்கும்.